குமாயுன் மலைக் காட்டுக் கனிகள்

வடநாட்டில் வாழும் நம்மவர்க்குக் கோடை விடுமுறை என்றால் ஊர்ப் பயணம்தான். பெரியவர்களைக் காண வேண்டும். குலதெய்வத்துக்குப் பொங்கலிட வேண்டும். ஒரு திருமணத்திலாவது தலை காட்ட வேண்டும். இவ்வளவும் முடிந்து திரும்பும்போது விடுமுறையும் கையிருப்பும் ஒருங்கே தீர்ந்திருக்கும். ஆகவே, தலைநகரிலிருந்து ஓர் இரவுப் பயணத்தில் எட்டிவிடக்கூடிய இமயச் சாரலை, இருபது முப்பது ஆண்டுகள் தில்லியில் குடியிருந்தும் காணாதவர் நம்மில் பலர். கண்டவர்களும் நைனிதால் ஏரியில் படகேறி, மெழுகுவத்திப் பொம்மைகள் நான்கு வாங்கிக்கொண்டு மறுநாளே இறங்கிவிடுகின்றனர். அப்பாதையின் இரு மருங்கிலும், மே மாதத்திலும் ஜூன் முற்பகுதியிலும், விதைப்பாரும் நீர் பாய்ச்சுவாரும் இன்றித் தாமே விளையும் கனிகள் சில உண்டு. அவற்றின் சுவையையும், அவற்றைப் பற்றி இந்நாளில் சொல்லப்படும் மருத்துவப் பெருமைகளில் எது மெய், எது மிகை என்பதையும் எழுதுவதே என் நோக்கம்.

பழைய தில்லி நிலையத்தில் இரவு வண்டி ஏறினால் விடியற்காலையில் காட்கோதாம் வந்துவிடும். இருப்புப்பாதை 1884 ஆம் ஆண்டில் இங்கு வந்து சேர்ந்தது. அதற்கு மேல் மலை. மரக்கட்டைகளைச் சேர்த்து வைக்கும் கிடங்கு என்பதே ஊர்ப் பெயரின் பொருள். ‘கோதாம்’ என்னும் அச்சொல்லுக்கும் நம் ‘கிடங்கு’க்கும் உறவு உண்டென்பர் சொல்லாராய்ச்சியாளர். நம் சொல் கடல் கடந்து மலாய் நாடு சென்று, வெள்ளையர் நாவில் ஏறி, இமயத்தின் அடிவாரத்தில் வந்து நிற்கிறது என்று எண்ணும்போது, இங்கே நாம் முற்றிலும் அந்நியரல்லர் என்ற ஆறுதல் உண்டாகிறது. ஆனால் அந்த ஆறுதல் வண்டி நிலையத்தோடு சரி. வெளியே வந்தால் காற்றும் வேறு, மரமும் வேறு.

காட்கோதாமிலிருந்து சாலை வளைந்து வளைந்து ஏறுகிறது. முதலில் சால மரங்கள். சற்று உயரம் சென்றதும், ஊசி இலைகளைத் தரையெங்கும் பரப்பி நிற்கும் சீட் என்னும் பைன் மரங்கள். அதற்கும் மேலே, மண்ணில் ஈரம் நிற்கும் சரிவுகளில், ‘பாஞ்ஜ்’ என்று ஊரார் அழைக்கும் கருவாலி மரங்கள். பாஞ்ஜ் காடு தொடங்கும் இடத்தில் குளிர்ச்சி கன்னத்தில் தட்டுகிறது. ஏறத்தாழ 1,650 மீட்டர் உயரத்தில் பவாலி என்னும் சிற்றூர். நைனிதாலுக்கும் அல்மோராவுக்கும் வழி பிரியும் முச்சந்தி அது. பழச் சந்தைக்குப் பெயர் பெற்றது. ஆப்பிள், பீச்சு, ஆல்பக்கோடா முதலியன மரப் பெட்டிகளில் அடுக்கியிருக்கும். அவற்றை விட்டுச் சாலை ஓரத்தைப் பாருங்கள். மூங்கில் கூடையின் முன் ஒரு மலைநாட்டுப் பெண் அமர்ந்திருப்பாள். கூடையில் இலந்தைப் பழ அளவுகூட இராத, மேலெல்லாம் சொரசொரத்த, செந்நிறமும் கருஞ்சிவப்பும் கலந்த மணிகள் குவிந்திருக்கும். இதுதான் காஃபல்.

சிறிய தகர டப்பாவினால் அளந்து, காகிதப் பொட்டலத்திலோ இலைத் தொன்னையிலோ கொட்டி, மேலே சிறிது உப்பு தூவித் தருகிறாள். அந்த உப்பு வெறும் உப்பன்று. பச்சை மிளகாய், பூண்டு, கொத்தமல்லி முதலியவற்றோடு அம்மியில் வைத்து அரைத்தது. ‘பிஸ்யூ லூண்’ என்று பெயர். பிஞ்சு மாங்காய்க்கு உப்பும் மிளகாய்ப் பொடியும் தொட்டுத் தின்று வளர்ந்த நமக்கு இதைப் பற்றி விளக்கம் தேவையில்லை. பழத்தை வாயில் இட்டால் முதலில் புளிப்பு, பிறகு இனிப்பு, கடைசியில் நாவை இழுக்கும் ஒரு துவர்ப்பு. சதை மிகக் குறைவு; கொட்டைதான் பெரிது. ‘இதில் தின்பதற்கு என்ன இருக்கிறது?’ என்று முதற் பழத்தைத் தின்றதும் கேட்பவர், பத்து நிமிடத்தில் இரண்டாம் பொட்டலத்துக்குக் கை நீட்டுவதைக் கண்டேன். கொட்டையோடு விழுங்கிவிடுவதே இவ்வூர்ச் சிறுவர்களின் வழக்கம். நம் குழந்தைகளுக்கு அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டாம்.

எங்கள் குழுவில் நான்கு குடும்பத்துப் பிள்ளைகள் இருந்தனர். எல்லாரும் தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். காட்டுப் பழம் என்று ஒன்றைக் கடையில் அல்லாமல் கண்டதே இல்லை. எங்களோடு வந்திருந்த திருநெல்வேலிச் சீமைப் பெரியவர் ஒருவர், எழுபதைத் தாண்டியவர், பிள்ளைகளைச் சுற்றி வைத்துக்கொண்டு களாக்காய், சூரைப்பழம், காரைப்பழம், நாவல் என்று தம் ஊர்க் கரட்டில் பொறுக்கித் தின்ற கனிகளை அடுக்கினார். “சூரைன்னா என்ன தாத்தா?” என்று ஒரு சிறுமி கேட்டாள். முள்ளை விலக்கி விரலில் இரத்தம் வரப் பறித்த கதையை அவர் சொன்னார். அந்தச் சொற்களுக்குரிய பொருளை அப்பிள்ளைகளுக்குக் காட்ட வழியில்லை. ஆனால் கையில் காஃபல் இருந்தது. அன்று அதுவே சூரைக்கும் களாவுக்கும் பதிலாளாக நின்றது.

இம்மலை மக்கள் இப்பழத்தைப் பாடாமல் விடவில்லை. குமாயுனி மொழிக் கவிஞர் குமானி பந்த் (1790–1846) காஃபலையும் அதன் தோழியான ஹிசாலுவையும் பாடியவர். பாட்டுகளைவிட என் மனத்தைத் தைத்தது ஒரு கதை. பவாலிக் கூடைக்காரி எங்களுக்கு அதைச் சொன்னாள். அல்மோராவில் தங்கிய விடுதியில் மற்றொருவர் வேறு விதமாகச் சொன்னார். சாரம் ஒன்றே.

ஏழைத் தாய் ஒருத்தி காட்டுக்குச் சென்று கூடை நிறையக் காஃபல் பறித்து வந்தாள். விற்றால்தான் அன்றைய உணவு. மகளை அழைத்து, “இதைக் காத்திரு, ஒன்றையும் தொடாதே” என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போனாள். பசியோடு மகள் காத்திருந்தாள், தொடவில்லை. உச்சி வெயில் ஏற ஏறப் பழங்கள் வாடிச் சுருங்கின. தாய் திரும்பி வந்து பார்த்தால் கூடையில் பழம் குறைந்திருக்கிறது. சினம் கண்ணை மறைத்தது, ஓங்கி அடித்தாள். பட்டினியால் துவண்டிருந்த குழந்தை அந்த அடியிலேயே உயிர் விட்டது. மாலையில் மழை பெய்தது. ஈரம் பட்டதும் பழங்கள் பருத்துக் கூடை மீண்டும் நிறைந்தது. அதைக் கண்ட தாயும் அங்கேயே இறந்தாள். இருவரும் பறவைகளாயினர். காஃபல் பழுக்கும் பருவத்தில், “காஃபல் பழுத்தது, நான் சுவைக்கவில்லை” என்று மகள் கூவுகிறாளாம். நான்கு அசையில் விட்டுவிட்டு ஒலிக்கும் அந்தக் குரலைப் பாஞ்ஜ் காட்டில் நாங்களும் கேட்டோம். அது குயில் இனத்தைச் சேர்ந்த ஒரு பறவை. வேனிற் பருவம் முழுவதும் இரவும் பகலும் கூவுகிறது.

இக்கதை கற்பனைதான். எனினும் இப்பழத்தின் இயல்பை அறிந்தவர்களே இதைக் கட்டியிருக்க வேண்டும். காஃபலின் தோல் தடித்ததன்று. சதை முழுதும் நீர். பறித்த சில மணி நேரத்திலேயே வாடத் தொடங்கும். இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. தில்லிச் சந்தைக்கு இது வராமைக்குக் காரணம் அதுவே. பறிப்பவளுக்குக் கிடைக்கும் வருவாய் அன்றன்றைய வெயிலைப் பொறுத்தது என்ற கசப்பும் கதைக்குள் இருக்கிறது.

இனி மருத்துவத்துக்கு வருவோம். காஃபலுக்கு வடமொழியில் ‘கட்பலம்’ என்று பெயர். சரக சங்கிதையிலேயே இது மருந்துச் சரக்காகக் குறிக்கப்படுகிறது. ஆயினும் மருத்துவர்கள் கொண்டாடியது பழத்தையன்று, பட்டையை. சளி, இருமல் முதலியவற்றுக்குப் பட்டைத் தூளை வழங்கினர். தோல் பதனிடவும் துணிக்கு மஞ்சள் சாயம் ஏற்றவும் அதே பட்டை பயன்பட்டது. இந்தச் சாயம்தான் மேலை நாட்டு ரசாயன நூலாரின் கண்ணை ஈர்த்தது. செயற்கைச் சாயத்தை முதலில் கண்டறிந்த வில்லியம் பெர்க்கினின் மகன் ஆர்தர் ஜார்ஜ் பெர்க்கின், ஹம்மல் என்பவரோடு சேர்ந்து 1896 ஆம் ஆண்டில் இப்பட்டையிலிருந்து ஒரு மஞ்சட் பொருளைப் பிரித்தெடுத்தார். காஃபலின் தாவர நூற்பெயராகிய ‘மைரிக்கா’ என்பதைக் கொண்டு அதற்கு ‘மைரிசெட்டின்’ என்று பெயர் சூட்டினர். இன்று தேயிலை, வெங்காயம், திராட்சை முதலிய பலவற்றிலும் அப்பொருள் இருப்பதை உலகம் அறியும். பிறந்த வீடு மட்டும் நம் நாட்டுக் காட்டு மரத்தின் பட்டை என்பதை அறிந்தவர் சிலரே.

மைரிசெட்டின் ‘ஃபிளேவனாய்டு’ என்னும் பெருங் குடும்பத்தைச் சேர்ந்தது. பழத்தின் சிவப்புக்குக் காரணமான ‘ஆந்தோசயனின்’ அதே குடும்பத்துப் பெண். நாவல், களா, கறுப்புத் திராட்சை ஆகியவற்றின் நிறமும் இதனாலேயே. இதை வீட்டிலேயே சோதிக்கலாம். நாவற்பழக் கறை படிந்த துணியில் சவர்க்காரம் பட்டால் கறை நீலம் பாய்வதையும், எலுமிச்சைச் சாறு விட்டால் மீண்டும் சிவப்பதையும் பாருங்கள். புளிப்பில் சிவப்பு, காரத்தில் நீலம். ஆந்தோசயனினின் இயல்பு அது. செடி இவற்றை நமக்காக உண்டாக்கவில்லை. கடும் வெயிலின் கதிரிலிருந்தும் பூச்சியிலிருந்தும் தன்னைக் காத்துக்கொள்ளவும், ‘பழுத்துவிட்டது, வந்து தின்று விதையைப் பரப்பு’ என்று பறவைக்கு அறிவிக்கவும் உண்டாக்குகிறது. நாவை இழுக்கும் துவர்ப்பு ‘டானின்’ என்னும் மற்றொரு பொருளால் வருவது; நம் எச்சிலில் உள்ள புரதத்தோடு அது ஒட்டிக்கொள்வதால் வாய் உலர்ந்தாற்போலத் தோன்றுகிறது.

இப்பொருள்கள் மனிதனுக்கு என்ன நன்மை செய்கின்றன? இவ்வினாவுக்கு விடை சொல்லும் ஆர்வத்தில் உலகம் பலமுறை அவசரப்பட்டிருக்கிறது. உயிர்ச்சத்து ‘சி’யைப் பிரித்துக் காட்டி 1937 இல் நோபல் பரிசு பெற்ற அங்கேரி நாட்டு அறிஞர் சென்ட்-ஜார்ஜி, அதற்கு முந்திய ஆண்டில் ஃபிளேவனாய்டுகளையும் ஓர் உயிர்ச்சத்தாகக் கருதி, ‘பி’ என்னும் ஆங்கில எழுத்தால் பெயரிட்டார். பிற்காலத்தில் அப்பெயர் கைவிடப்பட்டது. இவை இல்லாவிட்டால் இன்ன நோய் வரும் என்று எவராலும் நிலைநாட்ட முடியவில்லை. பின்னர், சோதனைக் குழாயில் எந்தப் பழச்சாறு எவ்வளவு ஆக்சிஜன் சிதைவைத் தடுக்கிறது என்று அளந்து மதிப்பெண் போட்டனர். அம்மதிப்பெண்ணைச் சீசாவின் மேல் அச்சிட்டுப் பழச்சாறு விற்றவர் பலர். அமெரிக்க அரசின் வேளாண்மைத் துறையே அத்தகைய பட்டியலை வெளியிட்டு வந்தது. 2012 ஆம் ஆண்டில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. குழாயில் காணும் ஆற்றல் மனித உடலுக்குள் அப்படியே நிகழும் என்பதற்குச் சான்றில்லை என்பதும், விற்பவர்கள் அப்பட்டியலைத் தவறாகப் பயன்படுத்தினர் என்பதும் அதற்குக் காரணங்கள்.

உண்மையில், தின்ற ஆந்தோசயனினில் மிகச் சிறு பகுதியே இரத்தத்தில் சேர்கிறது. பெரும் பகுதி பெருங்குடலை அடைந்து, அங்கு வாழும் நுண்ணுயிர்களால் வேறு சிறு பொருள்களாக உடைக்கப்படுகிறது. நன்மை ஏதேனும் உண்டெனில் அது பெரும்பாலும் அச்சிறு பொருள்களால்தான் என்று இப்போது கருதுகின்றனர். நன்மை இல்லை என்றும் சொல்வதற்கில்லை. அமெரிக்காவில் 93,600 பெண்களைப் பதினெட்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2013 ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. உணவில் ஆந்தோசயனின் மிகுதியாகக் கொண்டவர்களுக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு, மிகக் குறைவாகக் கொண்டவர்களைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஆனால் அவர்கள் உண்டவை பெரும்பாலும் ஸ்ட்ராபெரியும் புளூபெரியும்; அதையும் வாரத்தில் பல முறை, ஆண்டுக்கணக்கில். அத்தகைய பெண்கள் வேறு நல்ல பழக்கங்களும் உடையவராக இருந்திருக்கலாம் என்பதை ஆய்வாளர் எவரும் மறுப்பதில்லை. பவாலியில் ஒரு நாள் மாலை ஒரு பொட்டலம் காஃபல் தின்றதால் நெஞ்சு வலுப்பெற்றுவிடாது. மற்ற வண்ணப் பழங்களோடு இதையும் பருவத்தில் உண்பது நல்லது. நான் அறிந்த அளவில் துணிந்து சொல்லக்கூடியது இவ்வளவே.

பவாலிக்கு இவ்விஷயத்தில் ஒரு பழைய பாடமும் உண்டு. ஊரை ஒட்டிய பைன் காட்டுக்குள் ஒரு காசநோய் மருத்துவ நிலையம் இருக்கிறது. 1912 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. ஜவாஹர்லால் நேருவின் மனைவி கமலா 1935 இல் ஐரோப்பா செல்லும் முன் இங்குதான் சிகிச்சை பெற்றார். அப்போது நேரு அல்மோராச் சிறையில் இருந்தார். பைன் மரக் காற்று நுரையீரலைக் குணப்படுத்தும் என்ற நம்பிக்கையிலேயே நாடெங்கிலுமிருந்து நோயாளிகள் இம்மலைக்கு வந்தனர். ஓய்வும் தூய காற்றும் நல்ல உணவும் சிலருக்கு உதவின. ஆனால் காசநோயை வென்றது காற்றன்று. 1943 இல் கண்டறியப்பட்ட ஸ்டிரெப்டோமைசினும் அதன் பின் வந்த மருந்துகளும்தான். அவை வருமுன் கமலா மறைந்துவிட்டார்.

இதை நான் வேண்டுமென்றே சொல்கிறேன். சாலையோரக் கடை ஒன்றில் ‘கில்மோரா’ வேர்த்தூளைப் பொட்டலம் கட்டி வைத்திருந்தனர். கில்மோரா இம்மலையில் எங்கும் காணும் முட்புதர். கொத்துக் கொத்தாக நீலம் கலந்த கருநிறச் சிறு பழம் தரும். புளிப்பும் இனிப்புமாக இருக்கும். பிள்ளைகள் நாவை ஊதாவாக்கிக்கொண்டு திரிவர். அதன் வேரும் தண்டுப் பட்டையும் உள்ளே பளிச்சென்று மஞ்சள். வேரைக் காய்ச்சி இறுக்கிய ‘ரசௌத்’ பழைய மருத்துவத்தில் கண்ணோய்க்குப் பயன்பட்டது. கடைக்காரர் எங்கள் திருநெல்வேலிப் பெரியவரிடம், நீரிழிவுக்கு இதைவிட மருந்தில்லை என்றும், தினமும் ஒரு கரண்டி சாப்பிட்டால் மாத்திரையை அறவே விட்டுவிடலாம் என்றும் இந்தியில் உறுதியாகச் சொன்னார். பெரியவர்க்கு நீரிழிவு இருபது ஆண்டுப் பழக்கம், மாத்திரைகளின்மேல் சலிப்பு. நான்கு பொட்டலம் எடுத்து வைத்துவிட்டார்.

அவர் மகள் மருந்தாளுநர் பணி புரிபவர். “வேண்டாம் அப்பா” என்றார்.

“காட்டு வேரு அம்மா. நம்ம மரமஞ்சள் மாதிரிதான். அதிலே மருந்து இருக்கா இல்லையா, அதை மட்டும் சொல்லு.”

“இருக்கிறது. இருப்பதனால்தான் வேண்டாம் என்கிறேன்.”

பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு மகள் பொறுமையாக விளக்கினார். அவ்வேரில் உள்ள மஞ்சட் பொருளுக்குப் ‘பெர்பரின்’ என்று பெயர். நம் நாட்டு மரமஞ்சள் கொடி வேறு குடும்பத்ததானாலும் அதன் மஞ்சளும் பெர்பரினே. இரத்தத்தில் சர்க்கரையைக் குறைக்கும் ஆற்றல் அதற்கு உண்டென்று 2008 இல் சீன மருத்துவர்கள் நோயாளிகளிடம் செய்து வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. ஆனால் அவர்கள் கொடுத்தது அளவறிந்த தூய பொருள். கரண்டித் தூளில் எவ்வளவு இருக்கிறதென்று கடைக்காரர்க்கும் தெரியாது. மாத்திரையோடு சேர்த்துத் தின்றால் சர்க்கரை அளவு தாழ்ந்து மயக்கம் வரலாம். மாத்திரையை விட்டுவிட்டுத் தின்றால் சர்க்கரை கட்டுக்கடங்காமல் ஏறலாம். இதயத்துக்கும் இரத்தம் உறையாமைக்கும் உண்ணும் பிற மருந்துகள் ஈரலில் செலவாவதையும் பெர்பரின் தடுக்கக்கூடும். அப்போது அவற்றின் அளவு உடலில் மிஞ்சும். கருவுற்ற பெண்களும் கைக்குழந்தைகளும் இதைத் தொடவே கூடாது. பிறந்த குழந்தையின் காமாலையை இது மிகுவித்து மூளையைத் தாக்கச் செய்யலாம்.

பொட்டலங்கள் கடைக்கே திரும்பின. பெரியவர் முகம் சுருங்கியிருந்தது. ‘எனக்கு ஒன்றும் புதிதாகக் கிடைக்கக் கூடாதா’ என்ற ஏக்கம் அது. நீண்ட நாள் நோயாளிகளை அறிந்தவர்க்கு அது விளங்கும். மகள் கடையிலிருந்து கில்மோராப் பழமே ஒரு கை வாங்கி அவர் உள்ளங்கையில் வைத்தார். “இது எவ்வளவு வேண்டுமானாலும்…” என்று தொடங்கியவர், “இல்லை, ஒரு கைப்பிடி” என்று திருத்திக்கொண்டார். அவர் சிரித்துவிட்டார். இலந்தைக்கு ஈடாகாது என்ற தீர்ப்போடு தின்றும் முடித்தார்.

கில்மோரா வேருக்கு இன்னொரு கேடும் உண்டு. வேரைத் தோண்டினால் புதர் போயிற்று. மருந்துச் சரக்குக்காகக் கள்ளத்தனமாகத் தோண்டி லாரி லாரியாகக் கொண்டு சென்று, பல சரிவுகளில் அது அருகிவிட்டது. காஃபலுக்கும் அதே கதி. பட்டையைச் சுற்றி உரித்தால் மரம் பட்டுவிடும். பழத்தைப் பறிப்பதால் மரத்துக்குக் குறைவில்லை.

ஹிசாலுவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இம்மலை என்னை மன்னிக்காது. பொன்னிறம், சிறு சிறு மணிகள் கூடி ஒரே பழமாகத் திரண்டது, தொட்டால் காம்பினின்று கழன்று விரலோடு வந்துவிடும். இனிப்பு, மென்மை, நறுமணம் மூன்றிலும் காஃபல் இதன் அருகில் நிற்காது. ஆனால் கூடையில் ஒரு மணி நேரம் வைத்தால் குழைந்துவிடும். ஆகையால் விற்பனைக்கு அரிதாகவே வருகிறது. முட்கிளையை விலக்கி, நின்ற இடத்திலேயே தின்பதே முறை. சூரைப்பழப் பெரியவர் இங்கே பிள்ளைகளுக்குத் தலைமை தாங்கினார். இதே செடி நம் நீலகிரியிலும் பழனி மலையிலும் இயற்கையாக வளர்கிறது. கோடைக்கானல் பக்கம் நடந்தவர்கள் கண்டிருப்பர். பசிபிக் கடலில் உள்ள ஹவாய்த் தீவுக்கு யாரோ கொண்டுசெல்ல, அங்கே அது காட்டையே விழுங்கத் தொடங்கி, உலகின் மிகக் கொடிய நூறு அயல் உயிரினங்களின் பட்டியலில் இடம் பெற்றுவிட்டது. பிறந்த மண்ணில் அடக்கமாயிருந்தது புகுந்த மண்ணில் ஆர்ப்பரிக்கிறது. குடியேறிய குடும்பங்களுக்கு நடத்தப்படும் ஏட்டில் இதற்கு மேல் இதைப் பற்றிப் பேசாமலிருப்பதே நாகரிகம்.

ஓர் எச்சரிக்கை. மலையில் காணும் கறுத்த பழமெல்லாம் உண்ணத் தக்கதன்று. மசூரி நகருக்குப் பெயர் வந்தது ‘மன்சூர்’ என்னும் புதரால் என்பது வழக்கு. அதன் பழமும் பளபளப்பாகவும் கறுப்பாகவுமே இருக்கும். மிகுதியாகத் தின்றால் வலிப்பு உண்டாக்கும் நஞ்சு அதில் இருக்கிறது. எனவே ஊர்க்காரர் ஒருவர் பறித்துத் தந்து, தாமும் தின்று காட்டினாலன்றிப் பிள்ளைகளைப் பறிக்க விடாதீர்கள். கைப்பேசிப் படத்தைப் பார்த்து முடிவு செய்வது ஆபத்து.

அல்மோராவுக்கு அருகே கோசி ஆற்றங்கரையில், கட்டார்மல் சூரியன் கோயில் இருக்கும் குன்றின் அடியில், 1988 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட கோவிந்த வல்லப பந்த் பெயர் தாங்கிய இமயமலைச் சுற்றுச்சூழல் ஆராய்ச்சி நிலையம் உள்ளது. காஃபலைப் பற்றி நீண்ட காலமாக ஆராய்ந்து வருபவர்கள் இங்குள்ளவர்களே. இடத்துக்கு இடம், மரத்துக்கு மரம் பழத்தில் உள்ள பொருள்களின் அளவு மாறுவதை அவர்கள் காட்டியிருக்கின்றனர். ‘காஃபலில் இத்தனை சதவீதம் சத்து’ என்று ஒரே எண்ணைச் சொல்லி விற்பது சரியாகாமைக்கு இதுவும் காரணம். விதை எளிதில் முளைப்பதில்லை. ஆண் மரமும் பெண் மரமும் தனித்தனி. ஆண் மரத்தில் பழமே இல்லை. தோட்டத்தில் வரிசையாக நட்டு வளர்ப்பது இன்னும் எளிதாகவில்லை. மற்றொரு சிறப்பும் இம்மரத்துக்கு உண்டு. அவரை, துவரை போல இதன் வேரிலும் முடிச்சுகள் இருக்கின்றன. அவற்றில் வாழும் நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்கு உரமாக்குகிறது. வறண்ட சரிவில் காஃபல் நிற்கும் இடத்தில் பிற மரங்களும் பிழைக்கின்றன.

அந்தச் சரிவுகளுக்கு வேனிலில் வரும் பகை தீ. பைன் மரத்தின் உலர்ந்த ஊசிகள் திரியாகின்றன. காஃபல் பறிக்கும் பருவமும் காட்டுத் தீயின் பருவமும் ஒன்றே. 2024 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அல்மோராவை அடுத்த பின்சர் சரணாலயத்தில் தீயணைக்கச் சென்ற வனத்துறைப் பணியாளர் நால்வர் அன்றே உயிர் நீத்தனர். பின்சர் செல்லும் வழியில் கரிந்த அடிமரங்கள் தெரிந்தன. எங்கள் கூடைக்காரியும் தன் ஊருக்கு மேலுள்ள காடு எரிந்த ஆண்டில் பத்து நாள்கூடப் பழம் எடுக்கவில்லை என்றாள். இப்போது விடியுமுன் புறப்பட்டு இரண்டு மணி நேரம் மேலே ஏறி, மரமேறிப் பறித்து, வெயில் ஏறுமுன் சாலைக்கு வந்துவிட வேண்டும். பிள்ளைகள் கதையைக் கேட்டுக் கலங்கியிருந்ததைக் கண்டு, “என் மகள் முதற் கூடையிலேயே தின்றுவிடுவாள்” என்று சொல்லிச் சிரித்தாள்.

போக விரும்புவோர்க்குச் சில குறிப்புகள். மே மாதத் தொடக்கத்திலிருந்து ஜூன் நடுப்பகுதி வரை செல்லலாம். சில ஆண்டுகளில் பழம் முன்னதாகவே வந்துவிடுகிறதென்று ஊரார் சொல்கின்றனர். மார்ச்சு, ஏப்ரலில் செல்பவர்க்குக் காஃபல் கிட்டாது. ஆனால் மலையே சிவக்கப் ‘புரான்ஸ்’ பூத்திருக்கும். நீலகிரியில் காட்டுப்பூவரசு என்போமே, அதன் உடன்பிறப்பு அது. அதன் இதழ்ச் சாற்றைச் சர்க்கரை கூட்டிச் சீசாவில் விற்கின்றனர், குடிக்க இனியது, நீரிழிவுக்காரர்க்கு அதில் உள்ள சர்க்கரையே போதும் விலகி நிற்க. காஃபலைத் தில்லிக்குக் கொண்டுவர விரும்பினால் புறப்படும் நாள் வாங்கி, மூங்கில் கூடையில் ஈரத் துணி போர்த்தி, இரவு வண்டியில் கொணர்ந்து மறுநாள் மாலைக்குள் தின்றுவிட வேண்டும். பிளாஸ்டிக் பையில் கட்டினால் காட்கோதாமிலேயே புளித்துவிடும். மீந்ததைப் பிசைந்து வடிகட்டி, உப்பும் சீரகப் பொடியும் கூட்டினால் நல்ல பானகம். பவாலியில் கூடைகள் காலை எட்டு மணிக்கு வருகின்றன. பத்து, பத்தரைக்குள் தீர்ந்துவிடுகின்றன. காட்கோதாமில் இறங்கியவுடன் காப்பிக்காக நெடுநேரம் நிற்காமல் வண்டி பிடிப்பவர்க்கே முதற் பறிப்பு கிடைக்கும்.